குவாட்டர் போன இடத்தில் மக்கன் பேடா

மேல்விஷாரத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்பின் வேலையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றங்கரை டேனரிகளில் ஊறவைத்துக் கழுவிய தோல் அடுத்து இறங்குவது சுண்ணாம்பில்தான். மயிர் கழன்றுவர அதுவே வழி. அதே சுண்ணாம்புக்குப் பனைமரத்தின் உச்சியில் வேறொரு வேலை உண்டு. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். பாளையிலிருந்து சொட்டுவது என்னவோ ஒரே சர்க்கரை நீர்தான். ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அதில் குடியேறி, ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு எத்தனால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளாகவும் உடைக்கிறது. சுண்ணாம்பின் காரம் அந்தப் பூஞ்சையை அண்டவிடாது. இனிப்புக்கும் போதைக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் நிற்கிறது.

கரும்பிலும் இதே கதை. திருவலம் பக்கம் இருக்கும் வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில், கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு கரிய பாகு மிஞ்சும். மொலாசஸ் என்று பெயர். அதை நொதிக்கவிட்டு வடிக்கும் ஸ்பிரிட்தான் நம் நாட்டுப் பிராந்தி, ரம் பலவற்றுக்கும் அடிப்படை. டீயில் கரையும் சர்க்கரையும் டாஸ்மாக் கடையில் விற்கும் குவாட்டரும் ஒரே வயலிலிருந்து புறப்பட்டவை.

இந்த உறவு ஆலையோடு முடிந்துவிடுவதில்லை. குடியை விட்ட பலருடைய வீட்டில் அது மறுபடியும் தலைகாட்டுகிறது. “குடிய விட்டாரேன்னு நிம்மதியா இருந்தா, இப்ப சர்க்கரை டப்பா ரெண்டே நாள்ல காலியாவுது” என்று வீட்டுக்காரம்மா புலம்புவார். டீக்கு ஒரு கரண்டி சர்க்கரை போதும் என்றிருந்தவர் மூன்று கேட்பார். கல்யாணப் பந்தியில் பிரியாணியோடு வரும் பிரெட் அல்வாவை முன்பெல்லாம் ஒதுக்கியவர், இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். மேல்விஷாரத்திலிருந்து நெடுஞ்சாலையில் சற்று நகர்ந்தால் ஆற்காடு வந்துவிடும். அங்கே கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைத்த மக்கன் பேடா காத்திருக்கிறது. குடியை விட்ட நாக்குக்கு அதைத் தாண்டிப் போவது லேசான காரியமில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வினோதமும் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தொடக்க நாள்களில் பாப் குடியை விடத் திணறியபோது, தக்காளியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் சோளப் பாகும் கொடுத்து அவரைத் தேற்றினார் பில். 1939-இல் வெளியான அந்த இயக்கத்தின் புத்தகம், சாக்லேட்டைக் கையிலேயே வைத்திருக்கும்படி ஒரு மருத்துவர் சொன்ன யோசனையைப் பதிவு செய்திருக்கிறது. காரணம் தெரியாமலே கண்டுபிடித்த கைவைத்தியம் அது. காரணத்தை அறிவியல் துண்டுதுண்டாகக் கண்டெடுக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

கல்லீரலில் விழும் பள்ளம்

எளிய விளக்கம் ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது: “சரக்கில் சர்க்கரை இருக்கிறது, அது நின்றதும் உடம்பு கேட்கிறது.” கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் வடித்தெடுத்தவை. சுமார் 78 டிகிரி செல்சியஸில் ஆல்கஹால் ஆவியாகி மேலே போய்விடும். சர்க்கரை ஆவியாகாது, அடியிலேயே தங்கிவிடும். ஆகவே குவாட்டர் பாட்டிலில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதில் நிறைய இருப்பது கலோரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தரும், ஒரு கிராம் சர்க்கரை தருவது 4 கலோரி. ஆக, ஒரு குவாட்டரில் 425 கலோரி இருக்கிறது. ஏழெட்டு இட்லிக்குச் சமம். சர்க்கரையாகக் கணக்கிட்டால் 106 கிராம், இருபத்தொரு டீஸ்பூன். தினமும் ராத்திரி இவ்வளவு எரிபொருளை ஆண்டுக்கணக்கில் வாங்கிப் பழகிய உடம்புக்கு, ஒரு நாள் திடீரென்று அது வருவதில்லை. அந்தப் பள்ளத்தைச் சீக்கிரம் நிரப்பக்கூடியது எதுவோ, அதைத்தான் அது தேடும். இனிப்பைவிடச் சீக்கிரம் எது இருக்கிறது?

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. நாம் சாப்பிட்டதில் மிஞ்சும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் வரை இருக்கும். நாம் தூங்கும்போது அதை உடைத்து உடைத்து ரத்தத்தில் விடுகிறது. இருப்பு குறைய ஆரம்பித்ததும், புரதத்தின் துண்டுகளிலிருந்தும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் புதிதாகவே குளுக்கோஸைச் செய்துகொள்ளும். மூளை இரவெல்லாம் பட்டினியில்லாமல் இயங்குவது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆல்கஹால் வந்ததும் ஏற்பாடு கெடுகிறது. அதை எரிப்பதற்குக் கல்லீரல் என்ஏடி என்ற துணைப்பொருளைச் செலவழிக்கிறது. புதிய குளுக்கோஸ் செய்யவும் அதே பொருள் தேவை. ஆல்கஹால் ஒரு நஞ்சு என்பதால் அதற்கே முதலிடம் கிடைக்கிறது, குளுக்கோஸ் உற்பத்தி நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் கல்லீரல் எரிப்பது 7 முதல் 10 கிராம் ஆல்கஹால்தான். அப்படியானால் ஒரு குவாட்டரை முடிக்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம், கிட்டத்தட்ட இரவு முழுதும் ஆகும். சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு விடியற்காலையில் ரத்தச் சர்க்கரை தரைதட்டுவது இதனால்தான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் வரும். குடி நின்றதால் வரும் நடுக்கமும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். இரண்டையும் பிரித்தறியாத மூளை, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் படித்து வைத்துக்கொள்கிறது: ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும்.

குடியை விட்ட முதல் சில வாரங்களிலும் இந்தப் பாடம் மறப்பதில்லை. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மாலை ஐந்து மணிக்குச் சர்க்கரை இறங்கும். வந்திருப்பது பசி, ஆனால் மனத்துக்கு அது குடி ஆசையாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு தட்டு சாப்பாடு செய்யும் வேலையைப் பல நேரம் எந்தப் புத்திமதியும் செய்யாது.

மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்

கலோரிப் பள்ளம் மட்டுமே காரணமாக இருந்தால், விட்டவர் இட்லி கேட்க வேண்டும், சோறு கேட்க வேண்டும். அவர் இனிப்பைத்தானே கேட்கிறார்? இதற்குப் பதில் தந்தவை எலிகள். மதுவை விரும்பிக் குடிக்கும் எலிகளைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அவை சாக்கரின் கலந்த தண்ணீரையும் மற்ற எலிகளைவிட அதிகமாகக் குடித்தன. சாக்கரினில் கலோரி கிடையாது, இனிப்பு மட்டுமே உண்டு. வயிற்றுக் கணக்குக்கு அப்பால், நாக்கையும் மூளையையும் இணைக்கும் தனி வழி ஒன்று இருப்பதை அந்த எலிகள் காட்டிக்கொடுத்தன.

அந்த வழி மூளையின் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்டு, இன்பத்தையும் எதிர்பார்ப்பையும் கையாளும் ஒரு சிறிய பகுதியில் போய் முடிகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கூடவே, உடம்பே தயாரித்துக்கொள்ளும் அபின் போன்ற எண்டார்ஃபின்களும் வேலை செய்கின்றன. மது இரண்டையும் தூண்டுகிறது. இனிப்பும் இரண்டையும் தூண்டுகிறது, அளவு மட்டும் குறைவு. எண்டார்ஃபின் போய் அமரும் இடங்களை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தை 1994-இல் அமெரிக்கா மதுநோய்க்காக அனுமதித்தது. அதை எடுத்துக்கொண்டவருக்குக் குடியில் கிடைக்கும் கிறக்கம் குறைகிறது. இனிப்பில் கிடைக்கும் சுகமும் அதோடு சற்று மங்குகிறது. ஒரே பூட்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு சான்று தொட்டிலிலிருந்து வருகிறது. பிறந்த குழந்தையின் வாயில் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சர்க்கரை நீர் பட்டதும் அழுகிற குழந்தை அமைதியாகும். அமெரிக்க உளவியலாளர் எலியட் பிளாஸ் இதை ஆராய்ந்தார். எலிக்குட்டிகளுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தபோது, சர்க்கரை நீரால் அவற்றின் அழுகையை அடக்க முடியவில்லை. அபின் வகை மருந்தான மெத்தடோனில் இருந்த தாய்மாருக்குப் பிறந்த மனிதக் குழந்தைகளையும் சர்க்கரை நீர் அமைதிப்படுத்தவில்லை. நாக்கில் பட்ட இனிப்பு, மூளைக்குள் வலிநிவாரணியாக மாறுகிறது என்பது இதன் பொருள். (பச்சிளம் குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. சேனையைத் தவிர்ப்பதே நல்லது.)

இனி, குடியை விட்டவரின் மூளையைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மது கொட்டிய டோபமைனைத் தாங்க, மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஷூ கம்பெனியில் நாள் முழுதும் மெஷின் இரைச்சலில் நின்றவருக்கு, வெளியே வந்ததும் கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது சரியாகக் காதில் விழாது. அதுபோல, பிள்ளையின் சிரிப்பு, நல்ல சாப்பாடு, நண்பர்களின் அரட்டை என்று சாதாரண இன்பங்கள் எதுவும் அந்த மூளையில் சில வாரங்களுக்கு உறைக்காது. கையெட்டும் தூரத்தில் கிடைக்கும், சட்டப்படி தப்பில்லாத, உரக்கக் கேட்கக்கூடிய இன்பம் ஒன்றுதான்: இனிப்பு.

எல்லோருக்கும் இந்த ஆசை ஒரே அளவில் இருக்காது. 1997-இல் அலெக்ஸி காம்போவ்-போலவாய் குழுவினர், குடியை நிறுத்திய ஆண்களுக்கும் குடிநோய் இல்லாத ஆண்களுக்கும் வெவ்வேறு அடர்த்தியில் சர்க்கரை நீரைச் சுவைக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குத் திகட்டிப்போகும் மிக அடர்த்தியான கரைசலையே குடிநோய் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் சிறந்தது என்றார்கள். சிலருக்கு இந்த இனிப்பு நாட்டம் குடிக்கு முன்பிருந்தே, குடும்ப வழியாக வந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது வலுத்தது.

கல்லீரல் அனுப்பும் கடிதம்

அந்தச் சந்தேகத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உறுதி கிடைத்தது. கல்லீரல் எஃப்ஜிஎஃப்21 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இனிப்புச் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மது குடித்தாலும் ஏறும். அது மூளைக்குப் போய்ச் சொல்லும் செய்தி ஒன்றே: போதும், நிறுத்து. இந்த ஹார்மோனைக் கொடுத்த எலிகள் இனிப்பையும் மதுவையும் குறைத்துக்கொண்டன என்று 2015, 2016 ஆண்டுகளில் ஆய்வுகள் வெளிவந்தன. மூளையில் இந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் உள்ள சிறு மாறுபாடு, மனிதர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதோடு தொடர்புள்ளது என்றும் 2016-இல் தெரியவந்தது. மறு ஆண்டு டென்மார்க் ஆய்வாளர்கள், இந்த ஹார்மோனின் மரபணு மாறுபாடு மிட்டாய் மோகத்தோடு தொடர்புடையது என்று காட்டினார்கள்.

2022-இல் செயின்ட் கிட்ஸ் தீவின் வெர்வெட் குரங்குகளிடம் சோதித்தார்கள். அவற்றில் சில இயல்பாகவே மதுப் பிரியர்கள். எஃப்ஜிஎஃப்21 போலவே வேலை செய்யும் மருந்தைக் கொடுத்ததும் அவை குடிக்கும் அளவு ஏறக்குறைய பாதியானது. இனிப்பு ஆசை நாக்கில் பிறந்து மூளையில் வளர்கிறது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அதற்குக் கடிவாளம் போடுவதில் கல்லீரலுக்கும் பங்கிருக்கிறது. குடியில் முதலில் கெடும் உறுப்பும் அதுவே.

இனிப்பையும் மதுவையும் உடம்பு ஏன் ஒரே ஏட்டில் எழுதிவைத்தது? பழுத்து விழுந்த பழத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பழத்தைத் தேடி மரமரமாகத் திரிந்த நம் முன்னோரினக் குரங்குகளுக்குச் சாராய வாடை, இனிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் வழித்தடமாக இருந்திருக்கலாம் என்கிறார் உயிரியலாளர் ராபர்ட் டட்லி. ஆல்கஹாலை மிக வேகமாக உடைக்கும் நொதி நம் மூதாதையரிடம் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றியது என்று 2015-இல் வெளியான மரபணு ஆய்வும் சொல்கிறது. மரத்திலிருந்து இறங்கித் தரையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கிய காலமாக அது இருக்கலாம்.

இந்த வழி இரு பக்கமும் திறந்திருக்கிறது. உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், இரண்டாம் ஆண்டில் குடிப்பிரச்சினை கூடியதை 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அறுவைக்குப் பிறகு ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறுவது அதற்கு முக்கியக் காரணம். சாப்பாட்டில் கிடைத்துவந்த இன்பம் நின்றுபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

முதல் வாரத்தின் அபாயங்கள்

ஆசையைப் பேசும்முன் உயிரைப் பேச வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும், இல்லாததைக் காண்பதும், கடும் நடுக்கமும் சேர்ந்து வந்து உயிருக்கே உலை வைக்கலாம். அப்படிப்பட்டவர் மருத்துவர் கண்காணிப்பில்தான் விட வேண்டும்.

சர்க்கரையோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு அபாயமும் உண்டு. குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற உடம்புக்குத் தயாமின் என்ற வைட்டமின் பி1 வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் குடித்துவந்தவரிடம் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சத் தயாமினும் செலவாகி, 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளை பாதிப்பு தூண்டப்படலாம். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். மருத்துவமனைகளில் இத்தகையவர்களுக்குத் தயாமினை முன்னதாகவோ குளுக்கோஸுடன் சேர்த்தோ கொடுப்பது இதற்காகத்தான். குடியை விட்டவர் சோர்ந்து கிடக்கிறார் என்று தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்வதற்கு முன்னால், அவர் குடித்தவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குடி மார்க்கத்தில் விலக்கப்பட்ட குடும்பமானாலும், பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடானாலும் இதைச் சொல்லக் கூச்சம் இருக்கும். ஆனால் நோயைச் சொல்லாமல் சிகிச்சை இல்லை. பக்கத்து வேலூரில் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து சிகிச்சை தரும் முறையை 1950களிலேயே கொண்டுவந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கும் குடும்பத்துக்கு ஆலோசனை தருவது சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டாருக்குப் புரிந்தால்தான் விட்டவருக்கு வீடு தாங்கும்.

எவ்வளவு நாள், எவ்வளவு இனிப்பு?

இனிப்பு குடியைத் தீர்க்கும் மருந்தென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் முதல் சில வாரங்களில், குவாட்டரா கடலை மிட்டாயா என்ற கேள்வி வந்தால், சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பதில் கடலை மிட்டாய்தான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடச் சொல்வது, எதையும் விடாமல் செய்வதற்கான வழி.

அதே சலுகையை ஆண்டுமுழுதும் நீட்டிக்க முடியாது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேர் அவர்கள். நீண்டநாள் குடி கணையத்தைப் புண்ணாக்கி, இன்சுலின் சுரப்பையே குறைத்திருக்கவும் கூடும். எனவே விட்டவருக்கு இனிப்பு ஆசையோடு தீராத தாகமும், அடிக்கடி சிறுநீரும், எடை இறக்கமும் சேர்ந்து வந்தால், அதை ஆசை என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், குடியை விட்டதும் மருந்தளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரல் பக்கமும் எச்சரிக்கை தேவை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாளுகிறது, மிஞ்சினால் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே படியவிடுகிறது. மது செய்த வேலையும் அதுதான். பிராந்தியை விட்டுவிட்டு நாளைக்கு நான்கு பாட்டில் கலர் குடிப்பவரின் கல்லீரலுக்குச் சுமை வேறு பெயரில் திரும்பி வருகிறது. 300 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். நாள் ஒன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்கும், முடிந்தால் 25 கிராமுக்கும் கீழே இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த அளவுகோல். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் அடக்கம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. லண்டனில் மிதமாகவும் அதற்கு மேலும் குடித்துவந்தவர்கள் ஒரு மாதம் நிறுத்தியபோது, அவர்களுடைய இன்சுலின் எதிர்ப்பு சுமார் கால்பங்கு குறைந்தது என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. எடையும் ரத்த அழுத்தமும் இறங்கின. உடம்பு சீர்திருந்தக் காத்திருக்கிறது, சர்க்கரையைக் கொட்டி அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நோன்பு திறக்கும் தட்டு

இனிப்பை எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு மேல்விஷாரத்திலேயே ஒரு முறை இருக்கிறது. ரமலான் மாதத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருந்தவர், கல்லீரலின் கிளைகோஜன் பெரிதும் குறைந்த நிலையில், மக்ரிப் பாங்கு கேட்டதும் முதலில் எடுப்பது பேரீச்சம்பழம். உடனடிச் சர்க்கரை கிடைத்துவிடுகிறது, கூடவே நார்ச்சத்தும். அடுத்து நோன்புக் கஞ்சி. அரிசியின் மாவுச்சத்தும் பாசிப்பருப்பின் புரதமும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் வெந்தயத்தின் நாரும் சேர்ந்து, ரத்தச் சர்க்கரையை ஏறிய வேகத்தில் இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. கொஞ்சம் இனிப்பு, உடனே நிதானமான சாப்பாடு.

குடியை விட்டவருக்கும் இந்த வரிசை பொருந்தும். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகின்றன. குடித்தவரின் உடம்புக் கடிகாரம் வேலை முடிந்த மாலைப் பொழுதில்தான் மணியடிக்கும். அந்த மணிக்கு முன்னால், ஐந்து மணிக்கே, இரண்டு பேரீச்சம்பழமோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ எடுத்துக்கொண்டால் ஆசையின் பாதி பலம் போய்விடும். காலைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. புழுங்கல் அரிசி, பருப்பு வகைகள், வேர்க்கடலை எல்லாம் தயாமினும் தருபவை. நெல்லை உமியோடு புழுக்கும்போது தயாமின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது என்பது புழுங்கல் அரிசியின் சிறப்பு. மருத்துவர் பி1 மாத்திரை எழுதியிருந்தால் சாப்பாட்டை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

மறுவாழ்வு ஆலோசகர்கள் நான்கு கேள்விகளைக் கற்றுத்தருகிறார்கள். ஆசை எழும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை அவை: பசிக்கிறதா? கோபமா? தனிமையா? களைப்பா? முதல் கேள்விக்குச் சாப்பாடு பதில். மற்ற மூன்றுக்கும் மக்கன் பேடா பதிலாகாது. கோபத்தைப் பேசித் தீர்க்க வேண்டும், தனிமைக்கு ஆள் வேண்டும், களைப்புக்குத் தூக்கம் வேண்டும்.

குடியை விட்டவரின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதம் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைக்காதீர்கள். “குடி போச்சு, இப்ப இது வந்துடுச்சு” என்று குத்திக்காட்டாதீர்கள். அவர் கேட்பது நாக்கின் பேராசையால் மட்டுமில்லை, கல்லீரலும் மூளையும் சேர்ந்து கேட்கின்றன. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும் கல்லீரல் பரிசோதனையும் செய்துவிட்டு, அதற்குப் பிறகு இனிப்பைப் படிப்படியாகக் குறையுங்கள். துணை வேண்டுமென்றால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.